சைலன்சருக்குள்ள குடிவந்த ஆள்

எங்கட வீட்டில காலமையில ஸ்டார்ட் ஆகாத சாமான் ஒண்டே ஒண்டுதான். அது நான். மற்றதெல்லாம் மனுசியின்ட கை பட்டால் எழும்பிடும். அடுப்பு எழும்பும், தண்ணி மோட்டர் எழும்பும், படுத்துக் கிடக்கிற நாயும் எழும்பும். அவவின்ட செடி வேலி வெட்டுற பெற்றோல் மெசின் ஒரே இழுவையில எழும்பிக் கத்தும். அந்தச் சனிக்கிழமை மட்டும் மெசின் என்ட கட்சியில சேந்திட்டுது.

முதல்ல அவவைப் பற்றிச் சொல்லோணும். என்னைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. நான் துறைமுகத்துக்குள்ள வாற லொறியளுக்குக் கேற் திறந்து விடுறவன். பாஸைப் பாக்கிறது, லொறியைப் பாக்கிறது, கேற்றைத் திறக்கிறது, பிறகு மூடுறது. இந்த வேலையில பதவி உயர்வு எண்டால் இன்னும் பெரிய கேற். மனுசி கன காலம் சட்டை தைச்சவ. சனமெல்லாம் கடையில தைச்ச சட்டை வாங்கத் தொடங்கின பிறகு தையல் மெசினைக் குடுத்திட்டு இந்த மெசினை எடுத்தா.

"உமக்கென்ன விசரோ? இந்த ஊரில பொம்பிளையள் ஆரும் வேலி வெட்டுறவையோ?" எண்டு கேட்டனான்.

"துணியை நேரா வெட்டுற கைக்கு இலையை நேரா வெட்ட ஏலாதோ?" எண்டா.

ஏலும்தான். உவர்மலைப் பக்கமும் உட்துறைமுக வீதிப் பக்கமும் போய்ப் பாருங்க. செவ்வரத்தை வேலியெல்லாம் கரை மடிச்சுத் தைச்ச மாதிரி நிக்கும். கேற்றடியில என்னோட வேலை செய்யிறவங்கள் பகிடி விடுவாங்கள்: "மனுசி வேலியை வெட்டுது, புருசன் கேற்றைத் திறக்கிறான். கள்ளனுக்கு இதைவிட நல்ல குடும்பம் கிடைக்காது." நானும் சேர்ந்து சிரிப்பன். உள்ளுக்குள்ள நெஞ்சு கேற் அகலத்துக்கு விரிஞ்சிருக்கும். வெளியில காட்ட ஏலாது. பகிடிக்காரன் பெருமைப்பட்டால் ஆர் மதிப்பாங்கள்?

அந்தச் சனிக்கிழமைக்கு வாறன். மாரி முடிஞ்சு, உப்புவெளிப் பக்கம் ஹோட்டலுகள் எல்லாம் சீசனுக்கு முகம் கழுவிற நேரம். ஒரு ஹோட்டலில கடற்கரைக்குப் போற பாதை நெடுக ரெண்டு பக்கமும் வேலி. மழைக்கு அது தலைவிரி கோலமா வளந்து கிடந்துது. மனேஜர் ஆள் கெட்டிக்காரன். மனுசியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அக்கா, வலப்பக்கம் உங்களுக்கு. இடப்பக்கம் வெளியூர்ப் பெடியங்களுக்கு, அவங்கள் ரெண்டு மெசினோட வருவாங்கள். சனிக்கிழமை மத்தியானம் ஆக்கள் வந்து இறங்க முன்னம் முடிக்கோணும். எந்தப் பக்கம் வடிவோ, அவைக்குத்தான் வருசம் முழுக்க இந்த வேலை."

வீட்டு வேலி வெட்டுறது வேற, ஹோட்டல் வேலி வெட்டுறது வேற. அது கிடைச்சால் அவவை இனி ஒருத்தரும் 'முந்தித் தைச்சவ' எண்டு சொல்ல மாட்டினம். அந்தக் கிழமை முழுக்க அவ மெசின்ட பல்லைத் தீட்டினா, எண்ணெய் பூசினா, துடைச்சா. ஸ்டார்ட் பண்ணிப் பாக்கிறதை மட்டும் செய்யேல்லை. பக்கத்து வீட்டில செத்தவீடு. வெள்ளிக்கிழமை எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடியும் வரைக்கும் அந்த மெசின் சத்தத்தைப் போட எங்கட ரெண்டு பேருக்கும் மனம் வரேல்லை. வேலை செய்து முடிச்சதும் திரும்பவும் பின் கொட்டிலில கொளுக்கியில கொழுவி விட்டிடுவா.

சனி விடியவே பின் விறாந்தையில மெசினைக் கிடத்தி, ஒரு காலால அமத்திப் பிடிச்சு, கயிற்றை இழுத்தா. ஒண்டுமில்லை. சோக்கைப் போட்டு இழுத்தா. 'டப்' எண்டு ஒரு சத்தம். கலியாண வீட்டில கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போற மச்சான் மாதிரி, ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு அடங்கிட்டுது.

"பெற்றோல் விட்டனீரோ?" எண்டு கேட்டன்.

அவ திரும்பிப் பாத்த பார்வைக்குப் பெற்றோல் இல்லாமலே பத்தியிருக்கும்.

"பழைய பெற்றோலோ எண்டு கேட்டனான்."

"பழசை மாரிக்கு முன்னமே ஊத்தி எடுத்திட்டன். இது நேத்து வாங்கினது. இருமல் மருந்துப் பாணிக் கோப்பையால அளந்து ஒயில் கலந்தது. இன்னும் என்ன கேள்வி இருக்கு?"

எனக்கு இருந்த கேள்வி ரெண்டும் முடிஞ்சுது. மெசினைப் பற்றி என்ட படிப்பு அவ்வளவுதான்.

அவ அடியில இருக்கிற ரப்பர் குமிழை அமத்திப் பாத்தா. குழாய்க்குள்ள பெற்றோல் ஓடுறது தெரிஞ்சுது. பெற்றோல் கானைத் தள்ளிப் பின் முத்தத்தில வைச்சிட்டு, பிளக்கைக் கழட்டினா. நுனி நனைஞ்சிருந்துது.

"பெற்றோல் உள்ளுக்குப் போகுது. போனது எரியேல்லை" எண்டு சொல்லி, பிளக்கை என்ட சாரத்தில துடைச்சா. அவவின்ட சட்டை வேலைக்குப் போற சட்டை. என்ட சாரம் என்னோட சேந்தது, கணக்கில்லை. "இந்தாங்க, இதைப் பிடிச்சுக்கொண்டு எஞ்சின் இரும்பில முட்ட வையுங்க. நான் இழுக்கிறன். பொறி வருதோ பாருங்க."

"கறண்ட் அடிக்குமோ?"

"அடிச்சால் சொல்லுங்க."

இழுத்தா. சொன்னனான். ரெண்டு வீடு தள்ளியும் கேட்டிருக்கும். ஆனாலும் பொறி நல்ல நீலமாப் பறந்ததைப் பாத்திட்டன். அப்ப பெற்றோலும் சரி, பொறியும் சரி. காத்துப் போற வழியில இருக்கிற ஃபில்டரைக் கழட்டினா. கொஞ்சம் தூசி. அதைத் தட்டிப் பாத்தா, அது இல்லாமலும் ஒருக்கா இழுத்துப் பாத்தா. 'டப்.' அவ்வளவுதான்.

இதுக்குள்ள ஒரு குளவி வேற. மெலிஞ்ச இடுப்பு, நீளக் கால். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் முகத்துக்கு முன்னால வந்து நிக்குது. கையால வீசினால் போய் வேலியில இருந்திட்டுத் திரும்பி வருது.

"இஞ்ச பாரும், இதுக்கு என்னில ஏதோ விருப்பம்."

"இருக்கும். அதுக்கும் கண் தெரியாதாக்கும்" எண்டு குனிஞ்ச தலை நிமிராமல் சொன்னா. நெத்தியில வியர்வை. அவ பகிடிக்குப் பகிடி சொல்லுறா எண்டால் இன்னும் நம்பிக்கை இருக்கெண்டு அர்த்தம். பகிடியை நிப்பாட்டினால்தான் பயம்.

அடுத்த பகிடிக்கு அவ பதில் சொல்லேல்லை.

தோள் மூட்டைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் மெசினையே பாத்துக்கொண்டு நிண்டா. வெயில் முத்தத்துக்கு வந்திட்டுது. துறைமுகத்துக்குள்ள ஒரு கப்பல் ஊதிச்சுது. உப்புவெளியில இந்நேரம் பெடியங்களின்ட மெசின் ரெண்டும் வேலை தொடங்கியிருக்கும். அதை அவவும் நினைக்கிறா, நானும் நினைக்கிறன்.

"இன்னொருக்கா இழுக்கிறன். நீங்க வழமையா நிக்கிற இடத்தில நிண்டு பிடியுங்க."

நான் வழமையா நிக்கிற இடத்தைப் பற்றிச் சொல்லோணும். மெசினை எந்தப் பக்கத்தால பிடிச்சாலும், சைலன்சர் புகை விடுற பக்கத்தில என்ட கால்தான் இருக்கும். அது எப்பிடி எண்டு எனக்கும் தெரியாது, ஒரு திறமை. என்ட வலக்காலில முழங்காலுக்குக் கீழ முடி இல்லை. அவ ஸ்டார்ட் பண்ணக் கயிறு இழுக்கிற ஒவ்வொரு தரமும், எஞ்சின் பிடிக்காட்டிலும், அந்த இடத்தில 'புஸ்' எண்டு ஒரு காத்து வந்து அடிக்கும். கன காலமா வாங்கிப் பழகினது.

அவ இழுத்தா. காலில ஒண்டும் அடிக்கேல்லை.

"நில்லும். திரும்ப ஒருக்கா இழும்."

இழுத்தா. ஒண்டுமில்லை.

"காத்து வரேல்லை" எண்டு சொன்னன்.

"எங்க?"

"என்ட காலுக்கு."

இவர் திரும்பப் பகிடியைத் தொடங்கிட்டார் எண்டுதான் முதல்ல நினைச்சிருப்பா. ஒரு கணம் யோசிச்சா. பிறகு ரெண்டு பேரும் ஒண்டாக் குனிஞ்சம், தலையும் தலையும் முட்டிச்சுது. மெசினைப் புரட்டிப் பாத்தால், சைலன்சர் வாய் இருக்க வேண்டிய இடத்தில வாய் இல்லை. மண். அழகா உருட்டி, ஒண்டுக்கு மேல ஒண்டா வைச்சு, விரலால தடவி விட்ட மாதிரிப் பூசின மண். ஒரு ஓரத்தில மட்டும் சின்ன ஓட்டை, இன்னும் மூடி முடியேல்லை. புகை வெளியில போக வழியில்லை. உள்ளுக்கு வாறது வெளியில போகாட்டில் எஞ்சின் என்ன, மனுசனும் ஓட மாட்டான்.

என்ட முகத்துக்கு முன்னால அந்தக் குளவி திரும்ப வந்து நிண்டுது. வாயில ஈர மண் உருண்டை. இப்பதான் விளங்கிச்சுது. அதுக்கு என்னில ஒரு விருப்பமும் இல்லை. நான் அதின்ட வீட்டு வாசலை மறைச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன்.

"இவ்வளவுதானே!" எண்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தன். என்ட வாழ்க்கையில முதல் தரமா ஒரு மெசின்ட வருத்தத்தை நான் கண்டுபிடிச்சிருக்கிறன். மருந்தும் நானே குடுக்கோணும் எண்டு ஆசை.

"தொடாதீங்க!"

கையில அடிச்சுத் தட்டி விட்டா. ஸ்குரூ டிரைவர் உருண்டு முத்தத்தில விழுந்துது.

மனுசி நல்ல நேரம் பாக்கிற ஆள் இல்லை. "நல்ல நேரம் வருமட்டும் நிண்டால் வேலி வளந்திடும்" எண்டு சொல்லுறவ. பல்லி சொன்னால் பல்லியைத் துரத்துவா. ஆனால் குளவிக் கூட்டைப் பற்றி எங்கட ஆக்களுக்கு ஒரு கதை இருக்கு: குளவி வந்து வீட்டில மண்கூடு கட்டினால் அந்த வீட்டுக்கு ஒரு பிள்ளை வரும். அந்தக் கூட்டை உடைக்கக் கூடாது.

எங்களுக்கு ஒரே மகள். கப்பல்துறை எண்ட ஊரில கட்டிக் குடுத்தது. கலியாணம் முடிஞ்சு கன வருசம். வாற சனமெல்லாம் "மகளுக்கு விசேஷம் ஒண்டும் இல்லையோ?" எண்டு கேக்கும். மனுசி முகம் மாறாமல் சொல்லுவா, "விசேஷம் இருக்கு, இப்ப மெசினுக்குப் புதுப் பிளேட் போட்டிருக்கிறன்." சனம் சிரிச்சுக்கொண்டு போயிடும். எங்களுக்குள்ள நாங்க இந்தக் கதையைக் கதைக்கிறேல்லை. வீட்டில பகிடிக்காரன் நான் எண்டு ஊர் நினைக்குது. ஊருக்குத் தெரியாது.

அவ குந்தியிருந்து அந்த மண்ணைப் பாத்தா. தொடேல்லை.

"மெசினை வையுங்க. பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு போறன். கையால வெட்டுறன்."

"கையாலயோ? அந்த வேலி நீளத்துக்கு நாளைக்கு மத்தியானமும் காணாது."

"ஏலுமானதை வெட்டுவன்."

அவ இதைச் சொன்னது, எந்தச் சனிக்கிழமைக்காகக் கிழமை முழுக்க மெசின்ட பல்லைத் தீட்டினாவோ, அந்தச் சனிக்கிழமையில. எனக்கு வாயில ஒரு பகிடியும் வரேல்லை. அது எனக்கே பயமா இருந்துது.

பகிடி வராட்டில் எனக்குத் தெரிஞ்சது ஒரே தொழில்தான். முன் கேற்றில ஒரு லொறி பழுதாகி நிண்டால், லொறியை உடைச்சு எறியிறேல்லை. மற்ற லொறியளை வேற கேற்றால விடுறது. நான் சைலன்சரைச் சுத்திச் சுத்திப் பாத்தன். ரெண்டு ஆணி. ரெண்டே ரெண்டு திருகாணிதான் அதை எஞ்சினோட பிடிச்சிருக்கு.

"இஞ்சேரும், கூட்டை உடைக்க வேண்டாம். சைலன்சரையே கழட்டுவம். அவை வீட்டோட இருக்கட்டும்."

அவ என்னைப் பாத்தா. கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில அப்பிடி ஒருக்கா என்னைப் பாத்திருப்பாவோ தெரியாது. பிறகு உடனே, "ஆணி கழட்டுற சாவியை எடுங்க. நீங்க கழட்ட வேண்டாம், நான் கழட்டுறன்" எண்டா. சரிதான்.

ஆணியை மெல்லமாக் கழட்டி, ஆடாமல் தூக்கினா, பிறந்த பிள்ளையைத் தூக்கிற மாதிரி ரெண்டு கையாலயும். கொட்டிலுக்குள்ள மெசின் கொழுவியிருந்த அதே கொளுக்கியில, அதே உயரத்தில, வாய் அதே பக்கம் பாக்கக் கம்பியால கட்டினன். விலாசம் மாறினால் குளவி தேடாதோ? கொஞ்ச நேரம் பறந்து பறந்து பாத்துது. பிறகு உள்ள போச்சுது.

சைலன்சர் இல்லாமல் மெசினை ஓட்ட ஏலாது. சத்தம் திருக்கோணமலை முழுக்கக் கேக்கும், நெருப்பும் நேர என்ட காலுக்குத்தான் வரும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மீன்துறைப் பக்கம் போட் எஞ்சின் திருத்திற காக்காவிட்டப் பறந்தன். கிண்ணியா முஸ்லிம் ஆள், அவையள் அண்ணனைக் காக்கா எண்டுதான் கூப்பிடுறவை; என்னைவிடப் பெரிய பகிடிக்காரன். அவரின்ட கடைக்குப் பின்னால எங்கட மெசின்ட சாதியில ஒண்டு பல்லுடைஞ்சு கன நாளாக் கிடக்குது.

"என்ன தம்பி, கேட்டைத் திறந்து போட்டுட்டு வந்துட்டீங்களா?"

"காக்கா, அந்தச் செத்த மெசின்ட சைலன்சர் வேணும்."

"ஏன், உங்கட சைலன்சர் எங்க?"

"அது வாடகைக்குப் போயிட்டுது."

"யாருக்கு?"

"ஒரு குடும்பத்துக்கு. மண்வீடு கட்டியிருக்கினம்."

காக்கா கையில இருந்த சாவியைக் கீழ வைச்சார். "உடைச்சிட்டீங்களா?"

"மனுசி விடேல்லை."

"நல்ல வேலை. என்ட மகள்ட வீட்டு அலுமாரிக்குப் பின்னால கட்டினிச்சு, பேரன் வந்தான். மறுகா இன்னொண்டு கட்டினிச்சு, எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தம்."

"பிறகு?"

"ஆடு குட்டி போட்டிச்சு. கூடு கட்டினா ஏதோ ஒண்டு வரும் தம்பி. உங்கட வீட்டில ஆடு இருக்கா?"

"இல்லை. நாய்தான்."

"ஆண் நாயா, பெண் நாயா?"

"ஆண்."

"அப்ப பயப்பட வேணாம்" எண்டு சொல்லிச் சிரிச்சுக்கொண்டே கழட்டித் தந்தார். துருப்பிடிச்சது, ஆனால் வாய் திறந்திருந்துது. அதுதான் முக்கியம்.

வீட்ட வந்து பூட்டி முடிச்சு, பிளக்கைத் திரும்பத் துடைச்சுப் போட்டு, சோக் இல்லாமல் இழுத்தா. ஒரே இழுவை. கத்திச்சுது பாருங்க! கொஞ்சம் கரகரப்பான குரல், தடிமன் பிடிச்ச மாதிரி. என்ட காலில சூடா வந்து அடிச்சுது. இவ்வளவு சந்தோசமா நான் ஒரு நாளும் சுடுபட்டதில்லை.

ஓட்டோ பிடிச்சு உப்புவெளிக்குப் போய்ச் சேர, பெடியங்கள் இடப்பக்கத்தில முக்கால்வாசி முடிச்சிட்டு நிழலில இருந்து சோடா குடிக்கிறாங்கள். ஒருத்தன் சொன்னான், "அக்கா, பிந்திட்டீங்க. ஜக்கெட் தைக்கவோ வந்தீங்க?"

"ஓம் தம்பி. எழும்பி நில்லுங்க, உங்கட அளவையும் எடுக்கிறன்."

மற்றவங்கள் அவனைப் பாத்துச் சிரிக்க, அவ மெசினை இழுத்தா.

அவ வெட்டுறதை நீங்க பாக்கோணும். கயிறு கட்டிப் பாக்கிறேல்லை. முதல்ல வேலி நெடுக ஒருக்கா நடந்து போவா, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு. தைக்க முன்னம் துணியை மேசையில விரிச்சுக் கையால தடவுவா, அது மாதிரி. பிறகு ஒரே போக்கில கீழ இருந்து மேல, திரும்பி மேல் பக்கம். நிப்பாட்டுறேல்லை, திரும்ப வந்து பாக்கிறேல்லை. செவ்வரத்தை இலை ரெண்டு பக்கமும் கொட்டுது. பின்னால கூட்டி அள்ளிக்கொண்டு போறது நான். ஒரு இடத்தில நிமிர்ந்து பாத்தன். பெடியங்கள் சோடாப் போத்திலைக் கையில வைச்சபடி குடிக்காமல் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள். நானும் கூட்டாமல் பாத்துக்கொண்டு நிண்டன். "இலை!" எண்டு கத்தினா. கூட்டினன்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி முடிஞ்சுது. மனேஜர் தேத்தண்ணிக் கோப்பையோட வந்தார். இடப்பக்கத்தைப் பாத்தார். வலப்பக்கத்தைப் பாத்தார். கையில இருந்த கோப்பையைக் கொண்டுவந்து மனுசி வெட்டின வேலிக்கு மேல வைச்சார்.

கோப்பை நிண்டுது. தேத்தண்ணி ஆடேல்லை.

"திங்கக்கிழமை வாங்க அக்கா. மற்றப் பக்கத்தையும் இப்பிடி ஆக்கி விடுங்க. பிறகு வருசத்துக்கும் நீங்கதான்" எண்டார்.

ஜக்கெட் பகிடி விட்ட பெடியன் வந்து மெசினை வாங்கி ஓட்டோவில ஏத்தி விட்டான். மனுசி ஓட்டோவுக்குள்ள ஏறி இருந்து, கையுறையைக் கழட்டி, கையைப் பாத்துக்கொண்டு வந்தா. நான் வெளியில பாத்துக்கொண்டு வந்தன். கண்ணுக்குள்ள ஏதோ இலைத்தூள்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் சாப்பிட வந்தவை. மகள் தேங்காய் எடுக்கக் கொட்டிலுக்குப் போனவ, திரும்பி வரேல்லை. குசினியில அகப்பைச் சத்தம் நிண்டுது. நான் மெல்லமா எட்டிப் பாத்தன். மகள் தேங்காயை இடுப்பில வைச்சுக்கொண்டு, கொழுவியிருந்த சைலன்சரைப் பாத்தபடி நிக்கிறா. அவவுக்கும் அந்தக் கதை தெரியும்தானே.

பிறகு குசினியைப் பாத்துக் கேட்டா, "அம்மா, குளவிக்கு வாடகை எவ்வளவு?"

"உன்ட கொப்பரிட்டக் கேள். அவர்தான் பாஸ் குடுத்து உள்ள விட்டவர்."

மகள் சிரிச்சா. என்ட சிரிப்பு அது, அப்பிடியே. பக்கத்தில மெசின் இன்னொரு கொளுக்கியில தொங்கிச்சுது, காக்கா தந்த சைலன்சரின்ட வாயில துணி சுத்திக் கட்டி.

"இதுக்கு ஏன் துணி?"

"இன்னொரு குடும்பம் வந்திடும். ஒண்டு போதும்" எண்டா மனுசி உள்ள இருந்து.

மகள் தேங்காயை மற்றக் கைக்கு மாத்தினா. "ஒண்டு போதுமோ அம்மா?"

அகப்பை திரும்ப நிண்டுது. மனுசி குசினியால வெளியில வந்தா, நேரக் கொட்டிலுக்குப் போய் அந்தத் துணியை அவிழ்த்து எடுத்திட்டா.

அவை சாப்பிட உள்ள போன பிறகு நான் போய்த் திரும்பக் கட்டினன். திங்கக்கிழமை உப்புவெளியில வேலை இருக்கு. வீட்டில ஆரோ ஒராள் தொழிலையும் பாக்கோணும்தானே.